பெட்டி கம்பெனியிடம்; சாவி உரியவரிடம்!

சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்களுக்குப் பணத்துக்கு அடுத்த சொத்து காகிதங்கள்தான். பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், வீட்டு வாடகை ஒப்பந்தம், பி.எப். கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைய வேண்டும். ஊருக்குப் போய் வாங்கி வருவதென்றால் ரயில் செலவு தனி.

முன்பு இந்தக் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இன்று செல்போனில் இருக்கின்றன. மின்சார ரயில் நெரிசலில் செல்போன் பறிபோனால் எல்லாம் போய்விடுமே என்ற பயத்தில், பலர் அவற்றைக் "கிளவுடு" என்ற இடத்தில் ஏற்றி வைக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. ஊரில் இருக்கும் தம்பிக்கு, மனைவிக்கு, காண்டிராக்டருக்கு, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுக்கு என்று ஃபோல்டரோடு அனுப்பியும் விடுகிறார்கள்.

அனுப்பும்போது உண்மையில் கொடுப்பது என்ன? கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? சாவியைத் தொலைத்தால் யாரிடம் போய் நிற்பது? செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

கிட்டங்கிதான், மேகம் அல்ல

கிளவுடு என்றால் மேகம். பெயரைக் கேட்டு, ஆகாயத்தில் எங்கோ மிதப்பதாக எண்ணிவிட வேண்டாம். பூமியில் கட்டிய பெரிய கிட்டங்கிகளில் கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இரவு பகலாக ஓடுகின்றன. செல்போனிலிருந்து ஏற்றும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு காகிதமும் அங்கேதான் போய்ச் சேருகிறது. கிட்டங்கி ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அது எந்த நாட்டிலும் இருக்கலாம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அடுத்தவர் கிட்டங்கியில் வைத்த பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?

லாட்ஜும் கிளோக் ரூமும்

இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, லாட்ஜ் மாதிரி. அறை எடுத்தவர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார். ஆனால் மாற்றுச் சாவி ஒன்று மானேஜரிடம் எப்போதும் இருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் அவர் திறந்துவிடுவார். போலீசார் முறைப்படி வந்து கேட்டாலும் திறந்துவிடுவார். கூகுள் டிரைவ் போன்றவை வழக்கமாக இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கேயும் பூட்டு உண்டு. வெளித்திருடன் எளிதில் நுழைய முடியாது. ஆனால் மாற்றுச் சாவி கம்பெனியிடம் இருக்கிறது.

மற்றது, ரயில்வே கிளோக் ரூம் மாதிரி. பூட்டு இல்லாத பெட்டியை அங்கே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பூட்டும் பயணியுடையது, சாவியும் பயணியுடையது. பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து, ரசீதைக் காட்டினால் திருப்பிக் கொடுப்பது மட்டுமே கிளார்க்கின் வேலை. சாவியைப் பயணி தொலைத்துவிட்டால் கிளார்க்கிடம் மாற்றுச் சாவி இருக்காது.

"எண்ட் டு எண்ட்" பூட்டு என்று விளம்பரங்களில் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். காகிதம் செல்போனை விட்டுப் புறப்படும் முன்பே, அங்கேயே சங்கேத எழுத்தாக மாற்றப்பட்டுவிடுகிறது. கம்பெனிக்குப் போய்ச் சேருவது யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல். அதை மறுபடி படிக்கும்படி மாற்றும் சாவி, கணக்கு வைத்திருப்பவரின் பாஸ்வேர்டில் அடங்கியிருக்கிறது.

நியூஜிலாந்தில் பிறந்த பெட்டி

இந்த முறையை உலகம் முழுவதும் சாதாரண மக்களிடம் கொண்டுபோன கம்பெனிகளில் ஒன்று நியூஜிலாந்தின் "மெகா". ஜெர்மனியில் பிறந்து நியூஜிலாந்தில் குடியேறிய கிம் டாட்காம் என்பவர், முதலில் "மெகா அப்லோடு" என்ற பெயரில் ஒரு கம்பெனி நடத்தி வந்தார். திருட்டுத்தனமான சினிமா, பாட்டு நகல்களுக்கு அது இடம் கொடுத்தது என்று குற்றம் சாட்டி, அமெரிக்க அரசாங்கம் 2012ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி அதை இழுத்து மூடியது. சரியாக ஓராண்டு கழித்து, 2013 ஜனவரி 19 அன்று, மெகா திறக்கப்பட்டது. இந்த முறை பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்கே தெரியாதபடி பூட்டு போடப்பட்டது. கிம் டாட்காம் பின்னர் அந்தக் கம்பெனியை விட்டு விலகிவிட்டார்.

இப்போது இந்த வகையில் வேறு கம்பெனிகளும் இருக்கின்றன. ஜெனீவாவில் 2014ல் தொடங்கிய புரோட்டான் கம்பெனி, 2022ல் "புரோட்டான் டிரைவ்" என்ற பெட்டகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஹங்கேரிக்காரர்கள் தொடங்கிய "டிரெசோரிட்" கம்பெனியை, 2021ல் சுவிட்சர்லாந்தின் தபால் இலாகாவே வாங்கியது.

பூட்டு எவ்வளவு உறுதி? மெகா பயன்படுத்தும் சங்கேத முறையில் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்கிற காரியம் அல்ல.

ஃபோல்டரைக் கொடுப்பது எப்படி?

பூட்டிய பெட்டியை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்வது எப்படி என்பதுதான் இதில் சுவாரசியமான இடம்.

மெகாவில் ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனிச் சின்னச் சாவி உண்டு. அந்தச் சின்னச் சாவிகளையெல்லாம் ஒரு சாவிப் பெட்டிக்குள் போட்டு, அதைக் கணக்குக்காரரின் பெரிய சாவியால் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபோல்டரைத் தம்பிக்குக் கொடுக்க வேண்டுமானால், பெரிய சாவியைக் கொடுக்கத் தேவையில்லை. அந்த ஃபோல்டரில் உள்ள காகிதங்களின் சின்னச் சாவிகளுக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்து, புதிய சாவிப் பெட்டி ஒன்றில் போட்டுக் கொடுத்தால் போதும். மற்ற ஃபோல்டர்கள் பூட்டியபடியே இருக்கும். இதையெல்லாம் செல்போனே செய்து முடித்துவிடுகிறது.

கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று லிங்க். மற்றது ஆளுக்கு ஆள் நேரடியாகக் கொடுப்பது.

லிங்க் என்பது நீளமான ஒரு விலாசம். அதன் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட ஒரு குறி இருக்கும். அதற்கு "ஹாஷ்" என்று பெயர். அந்தக் குறிக்கு முன்னால் இருப்பது பெட்டி இருக்கும் இடம். பின்னால் இருப்பது சாவி. லிங்க்கைத் தட்டும்போது, செல்போன் முன்பாதியை மட்டுமே கம்பெனிக்கு அனுப்புகிறது. பின்பாதி செல்போனிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் லிங்க் வழியாகத் திறந்தாலும் கம்பெனிக்குச் சாவி தெரிவதில்லை.

ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முழு லிங்க்கையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், பெட்டியையும் சாவியையும் சேர்த்து நடுத்தெருவில் வைத்ததாக ஆகும். குரூப்பில் இருக்கும் யாரும் திறக்கலாம். வேறு குரூப்புக்குத் தள்ளிவிடலாம். அங்கே பெயர் கேட்பாரும் இல்லை, பாஸ்வேர்டு கேட்பாரும் இல்லை. இதற்காகவே மெகாவில் லிங்க்கைத் தனியாகவும் சாவியைத் தனியாகவும் அனுப்பும் வசதி வைத்திருக்கிறார்கள். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சாவியைப் போனில் வாயால் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்யலாம். வேறு சில கம்பெனிகளில் லிங்க்குக்குத் தனி பாஸ்வேர்டும் காலக்கெடுவும் போட முடியும். சிலவற்றில் இதற்குக் கட்டணம் உண்டு.

ஆளுக்கு ஆள் கொடுக்கும் முறை இதைவிடப் பத்திரமானது. இதற்கு ஆதாரமான யோசனையை 1976ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதற்கு நடைமுறை வழி கண்டார்கள். திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றைத் தம்பி திறந்த நிலையில் அண்ணனுக்கு அனுப்பிவைக்கிறார். சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். அண்ணன் பொருளைப் பெட்டியில் வைத்து, அந்தப் பூட்டை அமுக்கி அனுப்புகிறார். பூட்டியபின் அண்ணனாலேயே திறக்க முடியாது. தம்பி மட்டுமே திறக்க முடியும். வழியில் சாவி பயணம் செய்யவே இல்லை.

இந்த முறையில் மூன்று விதமான உரிமை கொடுக்கலாம். பார்க்க மட்டும், பார்க்கவும் புதிதாகச் சேர்க்கவும், எல்லா உரிமையும். எல்லா உரிமையும் பெற்றவர் ஒரு காகிதத்தை அழித்தால், உரியவரின் ஃபோல்டரிலிருந்தும் அது போய்விடும். பெரும்பாலான வேலைக்குப் "பார்க்க மட்டும்" போதும்.

பங்கு வேறு, நகல் வேறு

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

ஃபோல்டரைப் பங்கிடுவது என்றால் ஒரே பெட்டியை இருவர் பார்ப்பது. அண்ணன் மும்பையில் ஒரு காகிதத்தை மாற்றி வைத்தால், தம்பி திருநெல்வேலியில் திறக்கும்போது புதியதைப் பார்ப்பார். அண்ணன் பங்கை ரத்து செய்தால் தம்பிக்குக் கதவு மூடிவிடும்.

நகல் எடுப்பது என்றால் ஜெராக்ஸ் எடுப்பது போல. மெகாவில் வேறொருவர் கொடுத்த ஃபோல்டரை அப்படியே தன் கணக்குக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஃபோல்டராக இருந்தாலும் சில விநாடியில் முடிந்துவிடும். டேட்டாவும் செலவாகாது. காரணம், காகிதங்கள் செல்போனுக்கு வந்து திரும்பப் போவதில்லை. அவை கிட்டங்கியில் பூட்டியபடியே கிடக்கின்றன. நகல் எடுப்பவர் சின்னச் சாவிகளை எடுத்துத் தன் சாவிப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான் வேலை. கம்பெனிக்கு இப்போதும் உள்ளே இருப்பது தெரியாது. நகல் எடுத்தவரின் இட அளவில் அது கணக்கு வைக்கப்படும். எல்லாக் கம்பெனியிலும் இந்த வசதி இல்லை. சிலவற்றில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

நகல் எடுத்த பிறகு அது தனிப் பொருள். அண்ணன் தன் ஃபோல்டரைத் திருத்தினால் நகல் திருந்தாது. அண்ணன் லிங்க்கை ரத்து செய்தாலும், கணக்கையே மூடினாலும் நகல் அழியாது. புதிதாக வருபவர்களுக்குத்தான் கதவு அடைபடும். ஏற்கெனவே உள்ளே வந்து எடுத்துப் போனவரை அது தொடுவதில்லை.

"பார்க்க மட்டும்" என்று கொடுத்திருந்தாலும் இதே கதைதான். பார்க்க முடிந்ததை இறக்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் திரையைப் படம் பிடித்துக்கொள்ளலாம். எந்தப் பூட்டாலும் இதைத் தடுக்க முடியாது. ஏஜெண்டிடம் ஆதாரும் பாங்கு பாஸ்புக்கும் சேர்ந்த ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு, வேலை கிடைக்கவில்லை என்று மறுநாள் ரத்து செய்வதால் பயன் சிறிதுதான்.

ஆகவே பூட்டு காப்பாற்றுவது கம்பெனியிடமிருந்தும், இடைவழித் திருடனிடமிருந்தும். சாவியை வாங்கிக்கொண்டவரிடமிருந்து அது காப்பாற்றாது. அங்கே காப்பாற்றுவது ஆளைத் தெரிந்து கொடுப்பது மட்டுமே.

ஜெராக்ஸ் கடையில் இன்னும் கவனம் தேவை. தாராவியிலோ செம்பூரிலோ கடைக் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்து பிரிண்ட் எடுத்தால், இறக்கிய காகிதம் பூட்டு இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியே வந்த பிறகே கடையை விட்டு இறங்க வேண்டும். முழு ஃபோல்டரைத் திறக்காமல், வேண்டிய ஒரு காகிதத்தை மட்டும் அனுப்பி எடுப்பது அதைவிட நல்லது.

சாவி தொலைந்தால்?

சாவி உரியவரிடம் மட்டும் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. பாஸ்வேர்டு மறந்துவிட்டால் கம்பெனியால் புதிய பாஸ்வேர்டு கொடுத்துப் பழைய காகிதங்களைத் திறந்துவிட முடியாது. திறக்க முடிந்தால் அது லாட்ஜ். கிளோக் ரூம் அல்ல.

இதற்காக மெகாவில் "ரிகவரி கீ" என்று 22 எழுத்துகள் கொண்ட ஒரு மீட்புச் சாவி கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டு மறந்தாலும் இதைக் கொண்டு புதிய பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இல்லை என்றால், வேறு செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்திருந்தால் அங்கிருந்து மீட்புச் சாவியை எடுத்துவிடலாம். அதுவும் இல்லை என்றால், அதே ஈமெயிலில் காலிக் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். பழைய பெட்டி, என்றாவது பாஸ்வேர்டு ஞாபகம் வரும்வரை பூட்டியபடி ஓரமாகக் கிடக்கும்.

மீட்புச் சாவியைச் செல்போனிலேயே படம் எடுத்து வைப்பதில் அர்த்தம் இல்லை. செல்போன் பறிபோகும்போது அதுவும் சேர்ந்து போகும். காகிதத்தில், பெரிய எழுத்து சின்ன எழுத்து பிசகாமல் எழுதி, இங்கே வீட்டில் ஒன்றும் ஊரில் நம்பிக்கையானவரிடம் ஒன்றுமாக வைப்பதே முறை. குடும்பத் தலைவர் திடீரென்று படுக்கையில் விழுந்தால், இன்ஷூரன்ஸ் காகிதத்தை மனைவி மக்கள் எடுப்பதற்கும் அது உதவும்.

ஒரே இடத்தை மட்டும் நம்புவதும் தவறு. 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் கம்பெனி 2023 டிசம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. பெட்டி எதுவானாலும் இடையிடையே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமானவற்றுக்கு வீட்டில் ஒரு காகிதப் பிரதி இருப்பது எப்போதும் நல்லது.

பூட்டிலும் ஓட்டை உண்டு

கம்பெனிகள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022ல் மெகாவின் பூட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். கிட்டங்கியைத் தன் வசப்படுத்திய ஒருவன், கணக்குக்காரர் குறைந்தது 512 தடவை உள்ளே வந்துபோவதைக் கவனித்தால், அவருடைய ரகசியச் சாவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று காட்டினார்கள். மெகா திருத்தம் வெளியிட்டது. அதே பல்கலைக்கழகத்தினர் 2024ல் வேறு 5 கம்பெனிகளை ஆராய்ந்ததில், பெரும்பாலானவற்றில் கடுமையான குறைகள் வெளிப்பட்டன.

இதனால் பூட்டே வேண்டாம் என்று ஆகிவிடாது. ஓட்டையை வெளியார் கண்டுபிடித்துச் சொல்வதும், கம்பெனி அடைப்பதும் பூட்டை உறுதியாக்குகின்றன. பயன்படுத்துவோர் செய்ய வேண்டியது, செல்போனில் வரும் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்வது.

அரசாங்கங்களுக்கும் இந்தப் பூட்டுகளுக்கும் இடையே வழக்கு நீண்டுகொண்டே இருக்கிறது. குற்றவாளிகளும் இதே பெட்டியில் ஒளித்துவைக்கிறார்கள் என்பது அரசாங்கங்களின் வாதம். ஒருவருக்காகத் துளை போட்டால் எல்லோருக்கும் அது திறந்துவிடும் என்பது மறுதரப்பின் வாதம். ஆப்பிள் கம்பெனி 2022 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட பூட்டு ஒன்றை விருப்பப்பட்டவர்களுக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் வழி திறந்துவிடக் கேட்டதாகச் செய்தி வந்ததைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் மட்டும் அந்த வசதியை வாபஸ் பெற்றது. மாற்றுச் சாவி செய்து கொடுப்பதைவிடப் பூட்டையே எடுத்துவிட்டது.

எதை எங்கே வைப்பது?

அரசாங்கம் வழங்கும் சான்றுகளுக்கு, மத்திய அரசாங்கம் 2015ல் தொடங்கிய "டிஜிலாக்கர்" இருக்கிறது. இலாகாக்கள் அதில் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று விதி செய்யப்பட்டிருக்கிறது. டிரைவிங் லைசென்சு போன்றவற்றை அங்கிருந்தே காட்டலாம். பூட்டிய பெட்டி தேவைப்படுவது மற்றவற்றுக்கு. வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரிச் சீட்டு, சொத்துப் பத்திரத்தின் படம், குடும்பப் புகைப்படம் போன்றவை அங்கே போகலாம்.

ஆதாரைக் கேட்கிறவர்களுக்கு முதல் 8 இலக்கம் மறைத்து, கடைசி 4 மட்டும் தெரியும் "மாஸ்க்டு ஆதார்" கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணைய தளத்திலேயே அது கிடைக்கிறது.

ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வீடு பார்க்கும் புரோக்கருக்கு ஒன்று, பி.எப். வேலைக்கு ஒன்று, மகனின் காலேஜ் அட்மிஷனுக்கு ஒன்று. அதில் கேட்ட காகிதங்களின் நகல்களை மட்டும் போட்டு, பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் ரத்து செய்துவிடலாம். எல்லாக் காகிதமும் இருக்கும் தாய் ஃபோல்டரை யாருக்கும் லிங்க்காக அனுப்பக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்த ஃபோல்டர் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து, வேண்டாதவற்றை மூடிவிடலாம். மீட்புச் சாவியை ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வைத்துவிடலாம்.